நிலுவைப் பட்டியலில் இருப்பவள்

கருத்தரங்கில் பேசுகிற பலர், "இந்தியாவில் பதினாறு நிமிடத்துக்கு ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளாகிறாள்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். முடிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, "நான் பேசிய நேரத்துக்குள் இன்னும் இரண்டு பெண்கள்" என்று நிறுத்துவார்கள். அரங்கம் உச்சுக்கொட்டும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நானும் உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு அடைக்கும், பிறகு கோபம் வரும். கடிகார முள் நகர்ந்ததால் எனக்கு அது நடக்கவில்லை. செய்தவன் ஒருவன் இருக்கிறான். பதினாறு நிமிடக் கணக்கில் அவனைத் தேடினால் கிடைக்க மாட்டான்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2021-இல் நாடு முழுவதும் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,677. நாளுக்கு 86 என்று வருகிறது. அதில் ஒன்று என்னுடையது. எண்ணப்பட்டவை காவல் நிலையத்தில் பதிவான வழக்குகள் மட்டுமே. வயது வந்த மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் சட்டத்தில் அது வன்புணர்வே இல்லை என்பதால், அந்தப் பெண்களுக்கு இந்த அட்டவணையில் இடம் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் கடுமையான ஒன்றை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். என் எஃப்.ஐ.ஆரில் மிரட்டியதும் இருக்கிறது, போனில் படம் எடுத்ததும் இருக்கிறது. அட்டவணைக்குப் போனது வன்புணர்வுக்கான 376-ஆவது பிரிவு மட்டும். உடம்பு ஒருமாதிரி தேறிவிட்டது. இன்றுவரை என்னைத் தூங்க விடாதது அந்தப் படம்தான். போன் அதிர்ந்தாலே வயிற்றைப் பிசைகிறது. எது என்னை அதிகம் வதைக்கிறதோ அதை யாரும் எண்ணவில்லை.

அடுத்தடுத்த ஆண்டு அறிக்கைகளிலும் நான் இருக்கிறேன். முந்தைய ஆண்டிலிருந்து விசாரணைக்கு நிலுவையில் உள்ள வழக்குகள் என்று ஒரு பத்தி உண்டு, அங்கே. வாய்தாவுக்கு முந்தின நாள் சாப்பாடு இறங்காது. நீதிமன்ற வராந்தாவில் அவன் குடும்பமும் நாங்களும் எதிரெதிரே நிற்போம். சாட்சி வரவில்லை, வக்கீல் வரவில்லை, நீதிபதி விடுப்பு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி வேறு தேதி கொடுப்பார்கள். அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். 'நிலுவை' என்று அச்சாகியிருக்கும் இடத்தில் இவ்வளவும் இருக்கிறது.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு எண் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. செய்தவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போகிறவன். "நீ இடம் கொடுக்காமலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, நானும் அப்படித்தானோ என்று மருகிக் கிடந்தேன். பதிவான வழக்குகளில் 100-க்கு 95-க்கும் மேல் குற்றவாளி தெரிந்தவரே என்பதை அதே அறிக்கையில் படித்த அன்று வாய்விட்டு அழுதேன். அது குற்றம் செய்தவர்களைப் பற்றிய எண். மேடையில் சொல்வதானால் அதைச் சொல்லுங்கள். எத்தனை பெண்கள் கெட்டார்கள் என்பதற்குப் பதில், எத்தனை பேருக்கு, நம்பி வீட்டுக்குள் விட்டவர்களாலேயே நடந்தது என்று சொல்லுங்கள். அரங்கில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவதை நிறுத்திவிட்டுத் தங்கள் வீட்டை யோசிப்பார்கள்.

ஒரு கூட்டம் முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, நான் கம்ப்ளெய்ன்ட் கொடுக்கவே இல்லை. அப்போ நான் எந்தக் கணக்குலயும் வர மாட்டேனாக்கா?" என்றாள். அவளுக்காக வேறொரு கணக்கைச் சொன்னேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, சொன்னதுமில்லை. "உன்னை மாதிரிதான் பெரும்பாலானவங்க. நீ சொன்னாலும் சொல்லாட்டியும் நடந்தது நடந்ததுதான்" என்றேன். பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன். பெண்கள் உதவி எண் 181-க்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதல் சிகிச்சை தந்தாக வேண்டும், எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையெல்லாம் கடைசியில்தான் சொன்னேன். தகவலை முதலில் கொட்டினால், நம்மைக் கேட்க இவளுக்கு நேரமில்லை என்று வந்தவள் எழுந்து போய்விடுவாள்.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ யாராவது இதைச் சொன்னால், "எத்தனையோ பேருக்கு நடக்குது, நீ மட்டுமா?" என்று மட்டும் ஆறுதல் சொல்லாதீர்கள். என் சித்தி அன்போடுதான் அதைச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வெகுகாலம் அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. "இப்ப உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

எங்கள் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது சட்டம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு. நானே எழுதிக் கொடுத்தால் வெளியிடலாம். இதுவரை கொடுக்கவில்லை. கொடுக்கும் நாளை நான் முடிவு செய்வேன். பெயர் இல்லாததால் என்னை எண்ணாக்கிக்கொள்ள யாருக்கும் உரிமை வந்துவிடாது. பேச அழைக்கிறவர்களிடம் இப்போதெல்லாம் முன்பே சொல்லிவிடுகிறேன்: அன்று என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நீதிமன்றத்தில் உட்கார இடம் இருந்ததா, பஸ் காசு யார் கொடுத்தது, வேலையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களா, அந்தப் படம் அழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் சொல்வேன்.