நூலக மென்பொருளும் தர உறுதியும்

நுழையும்முன்

அடுக்கில் இருக்கும் நூலை ‘இல்லை’ என்று கணினி காட்டினால், வாசகரைப் பொறுத்தவரை அந்நூல் இல்லாததே ஆகும். உரிய நாளில் நூலைத் திருப்பித் தந்த மாணவியிடம் தாமதக் கட்டணம் கேட்கப்பட்டால், பிழை மென்பொருளுடையது, தலைகுனிவோ மாணவிக்கு. இத்தகைய பிழைகள் நேராமல் காக்கவும், நேர்ந்தால் விரைந்து கண்டறிந்து களையவும் முன்கூட்டியே வகுக்கப்படுவது தர உறுதித் திட்டம். ஒரு பொது நூலகத்தைக் கணினிமயமாக்கும் பணியைச் சான்றாகக் கொண்டு அத்திட்டத்தை வகுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

நூலகப் பணிகளும் மென்பொருளும்

நூலகத்திற்கு வரும் ஒவ்வொரு நூலும் பல நிலைகளைக் கடந்தே வாசகர் கையை அடைகிறது. நூலை வாங்குதல், சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணிடுதல், பொருள்வாரியாக வகைப்படுத்துதல், பட்டியலிடுதல், உறுப்பினர்க்கு வழங்குதல், திரும்பப் பெறுதல், இருப்பைச் சரிபார்த்தல் ஆகியன அந்நிலைகள். இவை அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் இணைத்து நடத்துவது நூலக மேலாண்மை மென்பொருள். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா, காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் உயர்கல்வி நூலகங்களுக்காக உருவாக்கிய சோல், கட்டற்ற மென்பொருளான கோஹா ஆகியவை இந்திய நூலகங்களில் பயன்படுத்தப்படுகின்றன.

பணிகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஓரிடத்துப் பிழை மற்றோரிடத்தில் வெளிப்படும். பட்டியலிடும்போது ஓர் எழுத்து தவறினால் தேடலில் நூல் கிடைக்காது. திரும்பப் பெற்றது பதிவாகாவிட்டால் அதே நூலுக்காகக் காத்திருக்கும் அடுத்த வாசகர்க்கு அழைப்புச் செல்லாது.

தர உறுதியும் சோதனையும்

தர உறுதியும் சோதனையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. உருவான மென்பொருளை இயக்கிப் பார்த்துப் பிழை காண்பது சோதனை. தேவைகளை எழுதும் நாள்முதல் மென்பொருள் பயன்பாட்டிற்கு வந்த பின்னும் தொடரும் ஒழுங்குமுறை தர உறுதி. சோதனை அதன் ஓர் உறுப்பே.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. ஒரே நீரில், ஒரே சூட்டில் வெந்த அரிசிக்கு அது பொருந்தும். மென்பொருளுக்குப் பொருந்தாது. நூல் வழங்கும் பகுதி செம்மையாக இயங்குவது, நூல் திரும்பப் பெறும் பகுதியும் அவ்வாறே இயங்கும் என்பதற்குச் சான்றாகாது. நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, சோதனையால் பிழையின் இருப்பைக் காட்ட இயலுமேயன்றிப் பிழையே இல்லை என்று நிறுவ இயலாது என வலியுறுத்தினார். எல்லாவற்றையும் சோதிக்க இயலாது என்பதனாலேயே எதை முதலில், எவ்வளவு ஆழமாகச் சோதிப்பது என்னும் திட்டமிடல் இன்றியமையாததாகிறது.

தேவைகளை வரையறுத்தல்

‘தேடல் விரைவாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதனைச் சோதிக்க வழியில்லை. விரைவு என்பது ஒருவருக்கு ஒரு நொடி. மற்றொருவருக்குப் பத்து நொடி. ‘50 பேர் ஒரே நேரத்தில் தேடும்போதும் 3 நொடிகளுக்குள் முடிவு தோன்ற வேண்டும்’ என எழுதினால் அது அளக்கத்தக்க தேவையாகிறது. அளக்க இயலாத தேவையைத் திருத்தி எழுதச் செய்வதே தர உறுதிக் குழுவின் முதற்பணி.

எவற்றையெல்லாம் தேவையாகக் கொள்வது? சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இதற்கு வழிகாட்டுகின்றன. அவர் கணிப்பொறிக்காக அவற்றை வகுக்கவில்லை. எனினும் ஒவ்வொரு விதியும் ஒரு சோதனையாக விரிகிறது.

நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதல் விதி. இருப்பிலுள்ள நூலை மென்பொருள் வழங்க மறுக்கும் சூழல் எதுவும் உண்டா எனச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வாசகர்க்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. பார்வைக் குறைபாடுடையோர் திரைவாசிப்பான் துணையுடன் பட்டியலைத் தேட முடிகிறதா எனக் காண வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. பொருள், ஆசிரியர், தலைப்பு ஆகிய எவ்வழியிலும் நூல் அகப்படுகிறதா என ஆராய வேண்டும். வாசகரின் நேரத்தைக் காத்தல் நான்காவது; இது வேகத்திற்கான அளவைக் கேட்கிறது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. இன்றைய நூல்களைப்போல் பத்து மடங்கு சேர்ந்தாலும் மென்பொருள் தாங்குமா என்பதை மாதிரித் தரவுகளைக் கொண்டு அறிய வேண்டும்.

தமிழ் நூற்பட்டியலுக்குரிய சோதனைகள்

பிறமொழிச் சூழலில் உருவான மென்பொருள், தமிழ் நூல்களைக் கையாளும்போது தனிக் கவனம் தேவை. ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மென்பொருள் இவற்றை ஒருமைப்படுத்தாவிடில், ஒருவகையில் பதிந்த நூல் மற்றொருவகையில் தேடுபவர்க்குக் கிடைக்காது. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரவம்’ எனத் தட்டச்சு செய்வாரும் உளர். இப்பிழையையும் எதிர்பார்த்துத் தேடல் அமைய வேண்டும்.

அகரவரிசையிலும் இடர் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வருகின்றன; லகரத்தின் பின் ள, ழ, வ என்னும் வரிசை அமைந்துள்ளது. குறியீட்டு எண்களை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினால் ‘பழம்’ முன்னும் ‘பவளம்’ பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி வகரமே முந்தியது. அவ்வாறே அகராதியில் ‘பக்கம்’ என்னும் சொல்லுக்குப் பின் வரவேண்டிய ‘பகல்’, குறியீட்டு வரிசையில் முந்திவிடும்.

ஆசிரியர் பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் என்றும் உ.வே.சா. என்றும் வாசகர் தேடுவர். சொ. விருத்தாசலம் என்று தேடுபவர்க்குப் புதுமைப்பித்தன் நூல்களும் கிடைக்க வேண்டும். ஆகவே, ‘ஒருவரின் எப்பெயரால் தேடினும் ஒரே நூல்தொகுதி கிடைத்தல் வேண்டும்’ என்பது திட்டத்தில் எழுதப்பட வேண்டிய தேவை.

தெரியுமா?

2007ஆம் ஆண்டு சனவரி முதல் பன்னாட்டுத் தரப்புத்தக எண் 13 இலக்கங்களைக் கொண்டுள்ளது. இலக்கங்களை இடமிருந்து 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் கூட்டுத்தொகை பத்தின் மடங்காக அமையும். 9780306406157 என்னும் எண்ணுக்குக் கூட்டுத்தொகை 100. ஓர் இலக்கம் தவறினால் இம்முறை உடனே காட்டிக்கொடுக்கும். ஆயினும் இவ்வெண்ணின் இறுதிப் பகுதியிலுள்ள 6, 1 ஆகியவற்றை இடம்மாற்றி 9780306401657 எனப் பதிந்தால் கூட்டுத்தொகை 90. அதுவும் பத்தின் மடங்கே. சரிபார்ப்பில் தேறிய எண்ணும் தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

எல்லைகளைச் சோதித்தல்

பிழைகள் பெரும்பாலும் எல்லைகளில் ஒளிந்திருக்கும். உறுப்பினர் ஒருவர் 3 நூல்கள் வரை 14 நாள்களுக்குப் பெறலாம் என்பது விதி எனக் கொள்வோம். இரண்டு நூல்கள் வைத்திருப்பவர்க்கு மூன்றாவது நூல் கிடைக்க வேண்டும். மூன்று வைத்திருப்பவர்க்கு நான்காவது மறுக்கப்பட வேண்டும். ‘குறைவு’ என்பதற்கும் ‘குறைவு அல்லது சமம்’ என்பதற்கும் இடையே நிரலர் தடுமாறினால் இந்த எல்லையில்தான் வெளிப்படும். பதினான்காம் நாள் திருப்பித் தருபவர்க்குக் கட்டணம் கூடாது. பதினைந்தாம் நாள் தருபவர்க்கு உண்டு. பிப்ரவரி 15ஆம் நாள் பெற்ற நூலின் தவணை 2023இல் மார்ச்சு 1. லீப் ஆண்டான 2024இல் பிப்ரவரி 29. தவணை நாள் நூலக விடுமுறையானால் என்ன செய்வது என்பதையும் விதியாக எழுதிச் சோதிக்க வேண்டும்.

ஒரே படியை இரண்டு மேசைகளில் ஒரே நேரத்தில் வழங்க முயன்றால் ஒன்றுமட்டுமே நிறைவேற வேண்டும். வழங்கல் பாதியில் நிற்கையில் மின்சாரம் நின்றால், அச்செயல் முழுமையாகப் பதிவாகியிருக்க வேண்டும் அல்லது முற்றிலும் பதிவாகாதிருக்க வேண்டும், இடைநிலை கூடாது.

சோதனையின் படிநிலைகள்

தாமதக் கட்டணம் கணக்கிடுதல் போன்ற சிறுபகுதியைத் தனியே சோதிப்பது அலகுச் சோதனை. நூல் திரும்பியதும் முன்பதிவு செய்தவர்க்குச் செய்தி செல்கிறதா என இரு பகுதிகளின் இணைப்பைக் காண்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழுமையும் ஒன்றாக இயக்கிப் பார்ப்பது முறைமைச் சோதனை. நூலகரும் வாசகரும் தம் அன்றாடப் பணிகளைத் தாமே செய்து பார்ப்பது ஏற்புச் சோதனை. ஒரு பிழையைத் திருத்திய பின், முன்பு சரியாக இருந்தவை கெடவில்லை என உறுதிசெய்வது பின்னடைவுச் சோதனை.

ஏற்புச் சோதனையை நிரலர்கள் செய்தல் தகாது. வழங்கு மேசையில் மாலை நேர நெரிசலைச் சமாளிக்கும் பணியாளரே, எந்தத் திரையில் எத்தனை முறை விசையைத் தட்ட வேண்டியுள்ளது என்பதை உணர்ந்து சொல்ல வல்லவர்.

பதிவேட்டிலிருந்து கணினிக்கு

கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும்போது எண்ணிக்கை முதலில் ஒத்திருக்க வேண்டும். பதிவேட்டில் 40,000 நூல்கள் இருப்பின், கணினியில் ஏறியவை, நீக்கப்பட்டவை, காணாமற்போனவை ஆகியவற்றின் கூட்டு அவ்வெண்ணிக்கைக்குச் சமமாதல் வேண்டும். அடுத்து, மாதிரிகளை எடுத்து இருவழியாகச் சரிபார்க்க வேண்டும். பட்டியலிலிருந்து நூலைத் தேடி அடுக்கிற்குச் செல்வது ஒருவழி; இது பட்டியலில் மட்டுமே வாழும் நூலைக் காட்டும். அடுக்கிலிருந்து நூலை எடுத்துப் பட்டியலில் தேடுவது மறுவழி. இது பதிவாகாமல் விடுபட்ட நூலைக் காட்டும். ஒருவழி மட்டும் நடந்தால் பிழைகளில் ஒருவகை என்றும் வெளிப்படாது.

வாசகரின் மறையுரிமை

ஒருவர் எந்நூலைப் படித்தார் என்பது அவருடைய எண்ணப்போக்கைக் காட்டும் தகவல். அதனைப் பிறர் காண இடமளிப்பது பெரும் தரக்குறைவாகும். 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை எனக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலரும் இவ்வரையறைக்குள் வருவர். எனவே, யார் எத்தகவலைக் காணலாம், திருப்பித் தந்த நூலின் வரலாறு எத்தனை நாள் காக்கப்படும் என்பவற்றைத் திட்டம் வரையறுக்க வேண்டும். காப்புநகல் எடுப்பதோடு அமையாது, அந்நகலிலிருந்து தரவை மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல் நம்பத்தக்கதன்று.

வெளியிடும் முடிவு

கண்டறிந்த ஒவ்வொரு பிழைக்கும் எண் இட்டு, அது தோன்றிய சூழல், கடுமை, திருத்துவோர், மீள்சோதனை முடிவு ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். முகப்புத் திரையில் நிறம் மாறியிருப்பதும், கட்டணம் தவறாகக் கணக்கிடப்படுவதும் ஒரே தரத்தனவல்ல. நேரும் வாய்ப்பு, விளையும் கேடு ஆகிய இரண்டையும் கொண்டு முன்னுரிமை வகுக்கப்படும். கடும்பிழை ஒன்றேனும் எஞ்சியிருந்தால் வெளியீடு இல்லை என்னும் வரையறையைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். காலக்கெடு நெருங்கும் வேளையில் எழுதப்படும் வரையறை, கெடுவுக்கு ஏற்ப வளைந்துவிடும்.

காலக்கெடுவின் அழுத்தத்திலும் நற்பணி இயலும் என்பதற்குக் கோஹா சான்று. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள், ஆண்டை ஈரிலக்கத்தில் குறித்ததால் எழுந்த 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தாங்காது எனக் கருதப்பட்டது. நாள்காட்டியே விதித்த அக்கெடுவைத் தள்ளிப்போட இயலாது. கட்டிப்போ என்னும் நிறுவனம் 1999இல் புதிய மென்பொருளை உருவாக்க, 2000 சனவரித் தொடக்கத்தில் அது பயன்பாட்டிற்கு வந்தது. மாவோரி மொழியில் ‘கொடை’ எனப் பொருள்படும் பெயருக்கேற்ப, யாவரும் பயன்படுத்தித் திருத்தும் உரிமையுடன் அது வெளியிடப்பட்டது. இன்று பல நாட்டு நூலகர்கள் பிழைகளைப் பதிந்தும் சோதித்தும் அதன் தரத்தைக் காத்து வருகின்றனர்.

தரம் ஒருநாளில் எய்தி ஓய்வதன்று. நூலகம் வளருந்தோறும் உடன்வளர வேண்டியது. தேடிவந்தவர் கையில் தேடிய நூல் சேர்வதே அதன் அளவுகோல்.

அருஞ்சொற்பொருள்

நிரலர் – கணினிக்கான கட்டளைகளை எழுதுபவர். காப்புநகல் – இழப்பு நேரின் மீட்பதற்காக வேறிடத்தில் வைக்கும் தரவுப்படி. மறையுரிமை – தம் தகவலைப் பிறர் அறியாதவாறு காக்கும் உரிமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் இருபது நூல்களைத் தேர்ந்து, பட்டியலிலிருந்து அடுக்கிற்கும் அடுக்கிலிருந்து பட்டியலுக்குமாகச் சரிபார்த்து முடிவுகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பாடநூல்களில் இடம்பெற்ற எழுத்தாளர் ஐவரின் இயற்பெயர், புனைபெயர், பெயர்ச்சுருக்கம் ஆகியவற்றைத் தொகுக்க.

மதிப்பீடு

1. தர உறுதி, சோதனை – வேறுபடுத்துக.
2. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி மென்பொருளுக்குப் பொருந்தாமைக்குக் காரணம் யாது?
3. தமிழ் நூற்பட்டியலில் அகரவரிசை பிழைபடுவதற்கான காரணத்தைச் சான்றுடன் விளக்குக.
4. அரங்கநாதனின் ஐந்து விதிகளை அடிப்படையாகக் கொண்டு உங்கள் பள்ளி நூலகத்திற்கு ஒரு தர உறுதித் திட்டம் வரைக.