பழைய கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு

வியாபாரம் மும்முரமாக நடக்கும் மாலை நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் தானே நின்றுபோனால் கல்லா முன் கூட்டம் சேரும். பழகிய வாடிக்கையாளரும் அடுத்த கடைக்கு நடப்பார். இப்படி நிற்பதற்குரிய காரணங்களில் முக்கியமானது வெப்பம். அதைத் தணிக்கும் தண்ணீர் முறை நமக்குத் தேவையா, தேவையென்றால் எப்படிப் பொருத்துவது என்பதை இங்கே பார்ப்போம்.

இயங்கும் விதம்

லாரி ரேடியேட்டரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிராசஸர் மேல் ஒரு செம்புத் தகடு அமர்கிறது. சிறு பம்ப் அதன் வழியே திரவத்தை ஓட்டுகிறது. சூடான திரவம் குழாய் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, ஃபேன் காற்றில் ஆறித் திரும்புகிறது. எடைக்கு எடை பார்த்தால், காற்றைப் போல் சுமார் 4 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் ஏற்கும். ஆனால் கடைக்குள் 38 டிகிரி வெப்பம் இருந்தால், அதற்குக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க இதனால் முடியாது.

முதலில் செய்ய வேண்டியது

மளிகைக் கடையில் பறக்கும் மாவும், மிளகாய்த்தூளும், சாக்குத் தூசியும் ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்துவிடும். பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட்டும் நாளடைவில் காய்ந்துவிடும். ஆகவே தூசியை ஊதி, புதுப் பேஸ்ட் தடவி, பெட்டியை மூட்டைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பில் போடுவது பிராசஸருக்குப் பெரிய சுமையல்ல. பெரும்பாலும் இதுவே போதும். அதன் பிறகும் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால்தான் அடுத்த யோசனை. மின்சப்ளைப் பெட்டியோ ஹார்ட் டிஸ்க்கோ பழுதென்றால் தண்ணீர் முறை உதவாது.

வாங்கும் முன்

பிராசஸர் சாக்கெட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். இன்டெல் 1155, 1150, 1151, 1200 ஆகியவற்றில் திருகுத் துளைகளின் இடைவெளி ஒன்றே: 75 மி.மீ. பழைய 775இல் அது 72 மி.மீ. பெட்டியில் 120 மி.மீ. ஃபேன் மாட்டும் இடமும், ரேடியேட்டர் தடிமனுக்கு இடமும் உண்டா என்று அளந்து பார்க்க வேண்டும். ஒல்லியான பெட்டிகளில் இது அடங்காது.

பொருத்தும் முறை

1. கணக்கு முழுவதையும் வேறொரு டிரைவில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்க்கவும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

2. சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கவும். இளஞ்சூட்டில் பேஸ்ட் இளகும். பழைய ஹீட்சிங்க்கை மெல்லத் திருகி எடுக்கவும். வெடுக்கென்று இழுத்தால் சில ஏ.எம்.டி. பிராசஸர்கள் கூடவே வந்துவிடும்.

3. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைக்கவும்.

4. தகட்டின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி, சிறிது சிறிதாக முடுக்கவும்.

5. ரேடியேட்டரின் மேற்பகுதி பம்ப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போது உள்ளிருக்கும் காற்று பம்ப்பில் தங்காது.

6. பம்ப், ஃபேன் ஒயர்களை உரிய இடங்களில் செருகவும். பிராசஸர் ஃபேன் முனை காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டி நிற்கலாம்.

7. பெட்டியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஓட்டி, கசிவையும் வெப்பத்தையும் பார்க்கவும்.

பழைய ஃபேன் சுற்றியுள்ள பாகங்களுக்கும் காற்று தந்தது. ஆகவே பெட்டிக்குத் தனி ஃபேன் அவசியம்.

வரவு செலவு

மூடிய அமைப்பிலும் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும்; பம்ப்பும் தேயும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மிகப் பழைய பிராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கம்ப்யூட்டருக்குச் சில ஆயிரம் செலவழிப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, மிச்சப் பணத்தைப் புதுக் கம்ப்யூட்டருக்குச் சேர்ப்பதே நமக்கு லாபம்.