சக்கர பேரிங்கும் மாதத் தவணையும்

பிக்அப் வண்டி வாங்கக் கடன் பெறும்போது நாம் கவனமாகக் கணக்கிடும் செலவுகள் மூன்று: தவணை, டீசல், ஓட்டுநர் சம்பளம். காப்பீடும் வரியும் அவற்றுக்குரிய நாள் வரும்போது நினைவுக்கு வருகின்றன. பழுதுச் செலவு மட்டும் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் இடம் பெறுவதில்லை. ஒழுங்காகச் செலுத்தப்பட்டு வந்த கடனில் திடீரென ஒரு தவணை தவறுவதற்கு இச்செலவே காரணமாகிவிடுவதுண்டு. சக்கர பேரிங் என்னும் ஒரே உறுப்பைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தேய்மானமும் அறிகுறியும்

வண்டியின் எடையையும் சரக்கின் எடையையும் தாங்கிக்கொண்டே சக்கரம் எளிதாகச் சுழல உதவுவது பேரிங். பல பிக்அப் வண்டிகளின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ரோலர் பேரிங்குகள் உள்ளன. கிரீஸ் வற்றினாலோ, ஆயில் சீல் கிழிந்து மழைநீரும் மண்ணும் உட்புகுந்தாலோ அவை விரைந்து தேய்கின்றன. வேகத்தோடு பெருகும் ரீங்காரம், வளைவில் திரும்பும்போது மாறும் ஒலி, ஹப்பில் மிகையான சூடு, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அசைக்கும்போது தெரியும் ஆட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இரண்டு கணக்குகள்

பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. வண்டிக்கும் ஊருக்கும் ஏற்ப அவை மாறும்.

அறிகுறி தெரிந்த உடனே மாற்றினால்: ஒரு சக்கரத்துக்குரிய பேரிங்குகள், சீல், கிரீஸ் 2,000 ரூபாய், கூலி 800 ரூபாய், ஒரு நாள் வருமான இழப்பு 1,500 ரூபாய். மொத்தம் 4,300 ரூபாய்.

தள்ளிப்போட்டு, வண்டி நடுவழியில் நின்றால்: பேரிங்குகளும் சீலும் 2,000, சேதமடைந்த ஹப் 4,500, கூலி 1,500, வண்டியை இழுத்து வரும் செலவு 3,500, மூன்று நாள் வருமான இழப்பு 4,500. மொத்தம் 16,000 ரூபாய். ஓடும்போதே சக்கரம் இறுகிப்போனால் நேரக்கூடிய விபத்தை எந்தக் கணக்கிலும் அடக்க இயலாது.

7 லட்சம் ரூபாய்க் கடனை 10.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 15,046 ரூபாய். ஆக, தள்ளிப்போட்ட ஒரு பழுது, ஒரு மாதத் தவணையை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது.

கூடுதல் பாரத்தின் விலை

ரோலர் பேரிங்கின் மீது விழும் பாரம் 20 சதவீதம் கூடினால் அதன் ஆயுளும் அதே அளவே குறையும் என எண்ணுவது இயல்பு. பொறியியல் கணக்கோ வேறு. ஆயுள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்துவிடுகிறது. அனுமதிக்கப்பட்ட எடையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கப்படலாம். கூடுதல் சரக்கு தரும் சில நூறு ரூபாயை இவ்விரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

செய்ய வேண்டியவை

கடந்த ஓராண்டின் பழுது ரசீதுகளைக் கூட்டி, அதே காலத்தில் வண்டி ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வருமானால், மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 2,500 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்க வேண்டும். வாடகை வரவாகும் நாளிலேயே ஒதுக்கிவிடுவது எளிது. எந்த நாளிலும் தேவைப்படக்கூடிய பணமாதலால் நீண்டகால வைப்பில் இதனை முடக்க வேண்டாம்.

காப்பீடு கைகொடுக்கும் என்று இருந்துவிடுதல் கூடாது. இயல்பான தேய்மானமும் இயந்திரப் பழுதும் மோட்டார் காப்பீட்டின் பொதுவான விலக்குகளுள் அடங்கும். முறையான கணக்கேடு வைத்து வருமான வரி செலுத்துவோர் பழுதுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே ரசீது இன்றியமையாதது. உத்தேச வருமான முறையைத் தேர்ந்தோர்க்குத் தனிக் கழிவு இல்லை. ஆயினும் கிலோமீட்டர்ச் செலவைக் கண்டறிய அவர்களுக்கும் ரசீது உதவும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு மாதம் தட்டுப்பாடு நேரலாம். அப்போது தவணை நாளுக்கு முன்னரே கிளைக்கு வந்து தெரிவியுங்கள். தவணை நாள் கடந்தால் கணக்கு நிலுவையாகும். 90 நாள்களுக்கு மேல் நிலுவை நீடித்தால் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அது கடன் மதிப்பெண்ணையும் பாதிக்கும். அடுத்த வண்டிக்கு நீங்கள் விண்ணப்பிக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிவையே.