புதுவை தந்த குருமடங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., தாவரவியல்)

எங்கள் ஊர் காணை. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். உழவே தொழில், ஆதலால் நாற்றங்கால் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, சேற்றில் நின்று கற்றேன். விதை நெல்லை ஊறவைத்து, முளைகட்டி, சேறாக்கிய சிறு பாத்தியில் நெருக்கமாகத் தூவி, நாள்தோறும் நீர் கட்டி, வடித்து, காத்து, உரிய நாளில் பறித்துப் பெருவயலில் நடுகிறோம். ‘செமினேரியம்’ என்ற இலத்தீன் சொல்லுக்கும் பொருள் இதுவேதான். ‘செமன்’ என்றால் விதை. செமினேரியம் என்றால் விதைப்பாத்தி, நாற்றங்கால். நம் தாவரவியல் ஆய்வகத்தில் விதை உறையைப் பற்றிப் படிக்கும்போது வரும் சொற்களுக்கும், கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தின் ஆங்கிலப் பெயருக்கும் ஒரே வேர் என்று அறிந்த நாளில்தான் இக்கட்டுரைக்கு வித்து விழுந்தது.

நான் கிறிஸ்தவனல்லன். ஆயினும் நம் மாவட்டத்தின் கல்வி வரலாற்றைப் படிக்கப் புகுந்தால் குருமடங்களைத் தாண்டிச் செல்ல இயலாது என்பதை நண்பர்கள் உணரவேண்டும்.

குருமடம் என்ற ஏற்பாடு கிறிஸ்தவ சமயம் தோன்றிய நாளிலேயே தோன்றியதன்று. பல நூற்றாண்டுகள் வரை குருவாக விரும்பும் இளைஞன், மூத்த குரு ஒருவரிடமோ, பேராலயப் பள்ளியிலோ, துறவியர் மடத்திலோ இருந்து கற்றான். கற்றவரும் உண்டு; அரைகுறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவரும் உண்டு. இக்குறையை நீக்கவே 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமாணவர்க்கென ஒரு நிலையம் அமைக்கவேண்டும் என்று விதித்தது. அதில் ஏழைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும், செல்வர் பிள்ளைகள் தம் செலவில் படிக்கலாம் என்றும் கூறியது. நானூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்திய இந்த விதியைப் படித்தபோது, நம் விடுதி உதவித்தொகை விண்ணப்பம்தான் என் நினைவுக்கு வந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து இரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. வரலாற்றுத் துறை மாணவர்கள் அதைப் பாடத்தில் படித்திருப்பார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து, இத்தாலி நாட்டுச் சிவப்பு மட்பாண்டங்களையும் உரோமானிய மதுச் சாடிகளையும் கண்டெடுத்தார். ஆனால் அங்கே சென்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது உரோமானியச் சின்னம் ஒன்றுமன்று. மரங்களுக்கு நடுவே நிற்கும் செங்கற் சுவர்கள்தாம். உரோமானியர் கட்டியவை போலும் என்று நானும் முதலில் ஏமாந்தேன். அவை ஒரு குருமடத்தின் சுவர்கள்!

அந்தக் குருமடத்தின் கதை சயாம் நாட்டில் தொடங்குகிறது. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள், கீழ்த்திசை நாடுகளில் அந்தந்த நாட்டு மக்களையே குருக்களாக்கவேண்டும் என்ற நோக்கத்துடன் 1665-இல் சயாமின் தலைநகரான அயூத்தியாவில் ஒரு பொதுக் குருமடத்தைத் தொடங்கினர். சீனர், சயாமியர், வியத்நாமியர் எனப் பல நாட்டு இளைஞர் அங்கே பயின்றனர். 1767-இல் பர்மியப் படை அயூத்தியாவை அழித்தது. குருமடம் இடம் பெயர்ந்து, இன்றைய வியத்நாம், கம்போடிய எல்லைப் பகுதியில் உள்ள ஹோன் தாத் என்னும் இடத்தில் மூங்கிற் குடில்களில் நடந்தது. அதன் தலைவராகப் பொறுப்பேற்ற பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற இளங்குருவுக்கு வயது இருபத்தாறு. 1768-இல் அவர் கழுத்தில் மரச்சட்டம் மாட்டப்பட்டுச் சிறையில் கிடந்தார். மறு ஆண்டில் கொள்ளையர் தாக்கினர். எஞ்சிய மாணவரை அழைத்துக்கொண்டு மலாக்கா வழியாக 1770-இல் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வீராம்பட்டினம் அருகே மீண்டும் குருமடம் எழுந்தது.

சற்றே கற்பனை செய்து பாருங்கள். சீனப் பையனுக்கு வியத்நாமிய மொழி தெரியாது. வியத்நாமியப் பையனுக்குச் சயாமிய மொழி தெரியாது. பாடமொழியும் பொதுமொழியும் இலத்தீன். கிணற்றடியில் வாளி கேட்பதானாலும் இலத்தீனில்தான் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்தால் வீராம்பட்டினத்து மீனவர் பேசும் தமிழ். இந்தப் பிள்ளைகள் இலத்தீன் வேற்றுமை உருபுகளை உருப்போட்டுக் கொண்டிருந்த தரைக்குச் சில அடி கீழே, இலத்தீன் எழுத்தில் குயவர் முத்திரை பொறித்த பாத்திர ஓடுகள் ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளாகப் புதைந்து கிடந்தன. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கேயே கிடந்தன. மேலே நின்ற ஆசிரியர்க்கும் தெரியாது, மாணவர்க்கும் தெரியாது. (அதே காலத்தில், 1769-இல், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுவையில் காத்திருந்த பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தி, அன்று காலை மேகம் மூடியதால் ஏமாந்ததை நம் இயற்பியல் துறை நண்பர்கள் அறிவார்கள். புதுவைப் பகுதி அந்நாளில் எத்தனை விந்தையான மனிதர்களைக் கண்டிருக்கிறது!)

பிஞ்ஞோ சும்மா இருக்கவில்லை. தம் மாணவர் துணையுடன் வியத்நாமிய, இலத்தீன் அகராதி ஒன்றை இங்கிருந்தபடியே தொகுத்தார். 1838-இல் வங்காளத்துச் சேராம்பூரில் அச்சான வியத்நாமிய அகராதிக்கு அதுவே அடிப்படையாயிற்று. 1774-இல் சென்னை சாந்தோமில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுப் பின்னர் கீழ்த்திசை திரும்பினார். 1785-இல் வியத்நாமிய அரச குடும்பத்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துக்கொண்டு உதவி தேடி மீண்டும் புதுவை வந்தார் என்பது வேறொரு பெருங்கதை. அதற்குள் வீராம்பட்டினம் குருமடம் மூடப்பட்டுவிட்டது. 1780-களின் தொடக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட காலம். அந்த நாற்றங்கால் மூன்றாம் முறையாகப் பறிக்கப்பட்டு, 1808-இல் பினாங்குத் தீவில் நடப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது.

இதெல்லாம் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்காக. தமிழ்ப் பிள்ளைகளுக்கு? 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டதன் பின், அவர்கள் நடத்திவந்த கர்நாடக மறைபரப்புப் பணி பாரிஸ் சபையாரின் கைக்கு வந்தது. அதன் தலைவராகப் புதுவை வந்த ஆயர் பிரிகோ, 1778-இல் இந்நாட்டு இளைஞர்க்கென ஒரு குருமடத்தைத் தொடங்கினார். சயாமில் முன்பு பணியாற்றியவர் அவர்; பர்மியப் படையெடுப்பின் துன்பத்தை நேரில் பட்டவர்.

தொடங்கியதே தவிர, வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. இந்நாட்டாருக்குக் கல்வித் திறமை போதாது, உறுதி போதாது, தலைமை தாங்கும் பக்குவம் வரவில்லை, இன்னும் சில தலைமுறை பொறுக்கவேண்டும் என்ற பேச்சு ஐரோப்பியக் குருக்கள் பலரிடையே இருந்தது. நண்பர்களே, ‘இன்னும் சில தலைமுறை’ என்ற வாதத்தை நான் இங்கே ஒரு கணம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்குப் பழக்கமான வாதம் இது. திறமை வரட்டும், பிறகு வாய்ப்புத் தருவோம் என்பார்கள். வாய்ப்பே இல்லாமல் திறமை எந்த வழியாக வரும் என்று சொல்லமாட்டார்கள். நாற்று விடாமல் நடவுக்கு ஆள் தேடுவது போன்றது இது.

1844-ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆயர் பொன்னான் கூட்டிய புதுவைச் சங்கம் இந்த வாதத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டது. பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பள்ளி, இந்நாட்டுக் குருக்களுக்குச் சிறந்த பயிற்சி என்று அது முடிவு செய்தது. அதன் முடிவுகளை உரோமாபுரிக்குக் கொண்டு சென்று வாதாடியவர் லுக்கே என்ற குரு. மறு ஆண்டு, 1845 நவம்பரில், அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்கி, அவர்களை ஆயர் பொறுப்பு வரை உயர்த்த வேண்டும் என்று வலியுறுத்தும் ஆணை உரோமையிலிருந்து எல்லா நாட்டு மறைபரப்புப் பணியாளர்க்கும் சென்றது. நம் பக்கத்து ஊரில் கூடிய ஒரு கூட்டத்தின் குரல் அவ்வளவு தூரம் கேட்டது.

அதே 1844-இல் எழுந்ததுதான் ‘பெத்தி செமினேர்’. சின்னக் குருமடம் என்பது அதன் பொருள். இன்று அது புதுவையின் புகழ்பெற்ற மேனிலைப் பள்ளி. அங்கே படித்த பலருக்கே பெயரின் பொருள் தெரிவதில்லை. புதுவை மறைபரப்பு அச்சகத்தை நடத்திய துய்ப்புயி அடிகளார், மூசே அடிகளாருடன் சேர்ந்து வெளியிட்ட தமிழ், பிரெஞ்சு அகராதியும், பெண் கல்விக்கென 1844-இல் அவர் நிறுவிய கன்னியர் சபையும் இதே காலத்து விளைச்சல்.

ஆனால் இன்னொரு சுவரும் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1745-இல் புதுவைக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து வைத்திருந்த சுவரையும், அது குறித்து எழுந்த கலகத்தையும் எழுதியிருக்கிறார். கோவிலுக்குள் இருந்த சாதி குருமட வாசலில் நின்றுவிடவில்லை. புதுவைக் குருமடப் பள்ளியின் தலைவராக இருந்து, பின்னர் கோவைக்கு ஆயரான மரியோன் பிரெசிய்யாக், சாதி வழக்கங்களை எவ்வளவு ஏற்பது என்ற சிக்கலில் மனச்சான்று இடங்கொடாமல் பதவி விலகினார். பின்பு 1856-இல் ஆப்பிரிக்காவுக்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். ஐரோப்பியர், இந்தியர் என்ற வேற்றுமையை எதிர்த்துப் பேசியவர்களும் சாதி என்றவுடன் தயங்கினர் என்பதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022-இல்தான். ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா அவர்.

1778-இல் பிரிகோ தொடங்கிய குருமடம் 1934-இல் பெங்களூர் மல்லேசுவரத்துக்கு மாறியது. இன்று தூய பேதுரு குருமடம் எனப்படுவது அதுவே. 1976-இல் அங்கே இறையியல் பட்டங்கள் வழங்கும் உரிமை பெற்ற கல்விப்புலம் அமைந்தது. தமிழகத்தில் 1936-இல் தொடங்கிய பூவிருந்தவல்லி திரு இருதயக் குருமடமும் பலரும் அறிந்ததாகும்.

இனிப் படிப்பைப் பற்றி. இதை நான் நூலிலிருந்து எழுதுவதைவிட, என் பள்ளித் தோழன் ஒருவன் சொல்லக் கேட்டதிலிருந்து எழுதுவதே நலம். அவன் பத்தாம் வகுப்பு முடித்ததும் சின்னக் குருமடத்தில் சேர்ந்தான். அங்கிருந்தே மேனிலைப் படிப்பு. விடியற்காலை மணி அடித்தால் எழவேண்டும். செபம், தியானம், திருப்பலி, படிப்பு, தோட்ட வேலை, விளையாட்டு, மௌன நேரம் என்று நாள் முழுவதும் மணிக்கே கீழ்ப்படிய வேண்டும். அதன்பின் ஆன்மிகப் பயிற்சி. பிறகு பெரிய குருமடத்தில் மெய்யியல், நான்காண்டு இறையியல். திருச்சபைச் சட்டப்படி இவ்விரண்டுக்கும் சேர்ந்து ஆறு முழு ஆண்டுகளேனும் வேண்டும். இடையில் ஓராண்டு பங்கிலோ பள்ளியிலோ களப்பணி. இருபத்தைந்து வயது நிறையுமுன் குருப்பட்டம் இல்லை. நம் மூன்றாண்டுப் பட்டத்துக்கே அலுத்துக்கொள்கிறோம்!

மெய்யியல் என்றால் பிளேட்டோ, அக்குவினாஸ் மட்டுமல்ல. இந்திய மெய்யியலும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட குருப்பயிற்சி ஏட்டுக்குப் பின் இலத்தீனின் ஆட்சி தளர்ந்தது. மக்கள் மொழியும் மக்கள் வாழ்வும் பாடத்தில் இடம் பெற்றன.

என் தோழன் சென்ற ஆண்டு திரும்பி வந்துவிட்டான். யாரும் அனுப்பவில்லை, அவனே யோசித்து, தன் நெறியாளரிடம் சொல்லிவிட்டு வந்தான். ஊரில் விடவில்லை. “சாமியாரா போன புள்ள, பாதியில ஓடியாந்துட்டான்” என்ற பேச்சு டீக்கடை வரை நடந்தது. அவன் அம்மா ஒரு மாதம் கோவில் பக்கம் போகவில்லை. சேர்ந்தவர் எல்லாரும் குருவாகியே தீரவேண்டும் என்பது குருமடத்தின் கணக்கே அன்று, அழைப்பு உண்மைதானா என்று இருதரப்பும் சோதித்துப் பார்க்கும் காலம் அது என்பதை நான் படித்த நூல்களெல்லாம் சொல்கின்றன. அவன் அம்மாவிடம் அதைச் சொல்ல முயன்றேன். “படிச்சவன் நீ சொல்ற தம்பி, ஊரு ஒத்துக்குமா?” என்றார்.

இந்த மார்கழி விடுமுறையில் அவனும் நானும் அரிக்கமேடு போயிருந்தோம். சுவர்களைச் சுற்றி முட்புதர். ஒரு பெரிய வளைவுக்குக் கீழே ஆடு ஒன்று படுத்திருந்தது. ஆற்றங்கரையில் கிடந்த பானையோட்டுத் துண்டு ஒன்றை நான் எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். அவன் சுவரோரம் நின்று, தான் கற்ற இலத்தீன் செபம் ஒன்றை மெல்லச் சொல்லிப் பார்த்தான். நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டது.

“எப்படிடா மறக்கும், நாலு வருசம் தெனமும் சொன்னது?” என்று அவனே சிரித்தான்.

அவன் இப்போது ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். மணி ஆறு அடித்தால் தொடங்குகிறான். ஒரு நாளும் பிந்தியதில்லை.