இறகு கொட்டும் கோழியை விற்றுவிடாதீர்கள்

புதிதாக நாட்டுக்கோழி வளர்க்க இறங்கியிருக்கும் பிள்ளைகளே, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டை திடீரென்று மொட்டைக் கழுத்தோடு நிற்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குப் பதறி அதைக் கறிக்கடைக்கு அனுப்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது நோயில்லை. ஒன்றரை வயதை ஒட்டி முதல் பெரிய உதிர்வு வரும், பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை. தலை, கழுத்தில் தொடங்கி நெஞ்சு, உடம்பு, சிறகு, வால் என்று இறங்கும். கொண்டை சுருங்கி வெளுக்கும். வளர்ந்து முடிந்த இறகு உயிரற்றது. நம் நகம்போலத் தொடர்ந்து வளர்ந்து தேய்மானத்தை ஈடுகட்டாது. வெயிலிலும் புழுதியிலும் நைந்துபோன இறகு உடம்புச் சூட்டைக் காக்காது, மழையையும் தாங்காது. அதனால்தான் கோழி பழையதைத் தள்ளிவிட்டுப் புதிது முளைக்க விடுகிறது.

2. முட்டை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இறகு பெரும்பாலும் புரதம்தான், பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில். முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஈடுகொடுக்க முடியாமல் உடம்பு இறகைத் தேர்ந்தெடுக்கிறது. முட்டை உருவாகும் குழாய் அந்த நாட்களில் சுருங்கி ஓய்வெடுக்கும். ஓய்வுக்குப் பின் வரும் முட்டையின் ஓடு முன்னைவிட உறுதியாக இருக்கும்.

3. பகல் குறையத் தொடங்கும்போது இறகு கொட்டும் என்பார்கள். குளிர்நாடுகளில் அது தெளிவாகத் தெரியும். நமக்கோ, சென்னையில்கூட மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இங்கே எல்லாக் கோழியும் ஒரே மாதத்தில் உதிர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 21 நாள் அடைகாத்து, அரைவயிறாகக் கிடந்து, குஞ்சுகளைப் பிரித்துவிட்ட தாய்க்கோழி அதன் பிறகு உதிர்ப்பதுண்டு. கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும்கூட இதைக் கிளப்பிவிடும். சேவலும் உதிர்க்கும். அப்போது அடைக்கு வைக்கும் முட்டைகளில் கூமுட்டை கூடலாம்.

4. தீனியில்தான் உங்கள் அக்கறை தெரியும். முட்டை இல்லையே என்று தீனியைக் குறைப்பது பெரும் தவறு. சோளமும் கம்பும் அரிசிக் குருணையும் தெம்பு தரும், இறகு தராது. இறகுக்கு மெத்தியோனின் போன்ற கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும். எள்ளுப் புண்ணாக்கிலும் மீன்தூளிலும் அவை உண்டு. சோயாப் புண்ணாக்கோடு எள்ளுப் புண்ணாக்கைக் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். உப்புக் கருவாடு வேண்டாம், உப்பு மிஞ்சினால் கோழிக்கு ஆபத்து. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தொடவே தொடாதீர்கள், அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கையில் காசில்லாதவர்களுக்கு நம் பெரியவர்கள் வைத்த வழி கரையான். பழைய பானையில் வைக்கோலும் சாணமும் திணித்து நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் தீனி தயார். கிளிஞ்சலைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடாத கோழிக்கு அவ்வளவு சுண்ணாம்புச் சத்து தேவையில்லை.

5. உதிர்க்கும் கோழியைத் தேவையில்லாமல் பிடிக்காதீர்கள். புதிதாக முளைக்கும் குருத்திறகுக்குள் ரத்தம் ஓடும். அழுத்தினால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கொட்டும். மற்றக் கோழிகள் ரத்தத்தைக் கண்டால் அங்கேயே கொத்தும். அடிபட்டதை உடனே பஞ்சாரத்தில் தனியே அடையுங்கள். இந்த நாட்களில் புதுக்கோழியைக் கூட்டத்தில் சேர்ப்பதும் வேண்டாம்.

6. ஐப்பசி, கார்த்திகை மழையில் இறகில்லாத கோழி நனைந்தால் தாங்காது. கூடு ஒழுகக் கூடாது, தரை காய்ந்திருக்க வேண்டும்.

7. எல்லா மொட்டையும் இறகுதிர்ப்பு அல்ல. முதுகில் மட்டும் இறகில்லை என்றால் சேவல் மிதித்ததாக இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றி விலக்கிப் பார்த்தால் பேன் ஓடுகிறதா என்று தெரியும். குருத்தே முளைக்காமல் தோல் வெறுமையாக நீடித்தாலும், கோழி தீனியை விட்டுத் தூங்கி வழிந்தாலும், கழிச்சல் கண்டாலும், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். இளங்குஞ்சுகள் முதல் ஐந்தாறு மாதத்துக்குள் சில தடவை இறகு மாற்றும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

8. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதைச் சிறகு சொல்லும். கோழி ராத்திரி அடைந்த பிறகு மெதுவாகச் சிறகை விரித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள். அவற்றுக்கும் உள்பக்க இறகுகளுக்கும் நடுவே ஒரு குட்டை இறகு. அதை ஒட்டியதிலிருந்து வெளிநோக்கி உதிரும், ஒவ்வொன்றும் வளர ஆறு வாரம்போல ஆகும். சில கோழிகள் ஒவ்வொன்றாக உதிர்த்து ஐந்தாறு மாதம் இழுத்தடிக்கும். சில, இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொட்டி மூன்று மாதத்துக்குள் முட்டைக்குத் திரும்பிவிடும். பார்க்க மிகக் கோரமாக நிற்பது இந்த இரண்டாவது வகைதான். தாமதமாகத் தொடங்கிச் சீக்கிரம் முடிப்பவையே பெரும்பாலும் நல்ல முட்டைக்கோழி. அடையிலிருந்து இறங்கியதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்றவற்றில் வேகமாக உதிர்த்ததன் காலில் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். அடுத்த அடைக்கு அதன் முட்டைகளையே வையுங்கள்.