கல்வெட்டு வாசிக்கத் தெரியுமா? வேலைக்கு அதுவும் ஒரு வழி

எம்.ஏ. தமிழோ வரலாறோ முடித்துவிட்டு, கரூரில் ஜவுளிக் கம்பெனியா, திண்டுக்கல்லில் நூற்பாலையா என்று குஜிலியம்பாறையில் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய எழுத்துகளை வாசிக்கப் பழகலாம். அதற்கான பாடம் சுற்றுவட்டாரத்திலேயே கிடக்கிறது. கரூரைத் தாண்டினால் புகளூர் ஆறுநாட்டார் மலை. சேர இளவரசன் ஒருவனுக்காகச் சமண முனிவருக்குக் கொடுத்த கொடை அங்கே தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. பழனிப் பக்கம் பொருந்தல். அங்கே 2009இல் தொடங்கிய அகழாய்வில் எழுத்துப் பொறித்த மண்பொருள்கள் கிடைத்தன.

எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்வதிலிருந்துதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அது ஒரு வாரத்தில் வந்துவிடும். வாசிப்பு வராது. எழுத்தைவிட முந்தித் தெரிய வேண்டியது ஒலிக்குறி விதி. மாங்குளம் போன்ற மிகப் பழைய கல்வெட்டுகளில் கோடு இல்லாத 'க' என்றால் 'க்'. பக்கக்கோடு போட்டால் 'க' அல்லது 'கா'. பின்னால் கோடு நெடிலுக்கு மட்டும் என்றானது. அதற்கும் பிறகு புள்ளி வந்தது. விதி தெரியாதவர் 'மகன்' என்று வெட்டியிருப்பதை 'மாகான' என்று வாசிப்பார். ஆரம்பகால அறிஞர்களே இப்படித் திணறினார்கள். இந்தக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் காட்டினார். அவருக்குக் கைகொடுத்தவை பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன என்ற நான்கு எழுத்துகள். நீங்களும் அவற்றை முதலில் தேடுங்கள்.

எகிப்தின் காப்டிக் எழுத்தும் இதே முறையில் உருவானதுதான். கிரேக்கத்தின் 24 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒலிகளுக்கு உள்ளூர் டெமோடிக் எழுத்திலிருந்து ஆறேழைச் சேர்த்தார்கள். அந்த மொழி பேச்சிலிருந்து மறைந்து வழிபாட்டில் மட்டும் தங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அந்த உச்சரிப்பையும் நவீன கிரேக்கத்தை ஒட்டி மாற்றினார்கள். இன்று அதைக் கற்பவர் எந்த உச்சரிப்பைப் பின்பற்றுவது என்றே முடிவுசெய்ய வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ('வாளப்பளம்' என்று சொல்லும் நம் பக்கத்துக்காரர்கள் மட்டும் ழகரத்தைக் கொஞ்சம் பயில வேண்டும்.) வாய்விட்டு வாசியுங்கள், சொல் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணுக்கு முன் காது பிடித்துவிடும்.

ஆனால் தமிழியோடு நின்றுவிடாதீர்கள். நடைமுறையில் கைக்கு வரும் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை இடைக்காலக் கோயில் கல்வெட்டுகள். அவற்றில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ வேறுபாடு தெரியாது. 'ர'வும் துணைக்காலும் ஒரே வடிவம். நடுவே வடசொல் வந்தால் கிரந்தம். பாண்டிநாட்டுப் பழைய கல்வெட்டு என்றால் வட்டெழுத்தும் வேண்டும்.

படிக்க இடங்கள் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை நிறுவனத்தின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு வைக்கிறார்கள். மாத உதவித்தொகையும் தருகிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்குமாக ஒரு துறையே இருக்கிறது. வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி வழியாகத் தொல்லியல் அலுவலர், மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, அகழாய்வுத் திட்டங்கள், அருங்காட்சியகங்கள். இடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். அதனால் இதை மட்டும் நம்பிக் கையிலிருக்கும் வேலையை விட வேண்டாம்.

பயிற்சிக்கு உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் சுவர் போதும். அங்கே கிடைக்கும் வாசகத்தை 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் அச்சான பாடத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் மைப்படி எடுக்கக் கூடாது. எழுத்து எடுப்பாகத் தெரியச் சாக்பீஸ் தேய்ப்பதும் கல்லுக்குக் கேடு. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் சுவரில் படும் நேரத்தில் போனால், தேய்ந்த எழுத்தும் தெரியும்.