தூக்கத்துக்கு உதவும் சத்தம்



சேமிப்பு, தவணை எல்லாம் பேசி நோட்டை மூடிய பிறகுதான் கூட்டங்களில் நாம் மனசுவிட்டுப் பேசுகிறோம். "ராத்திரி தூக்கமே வரல அக்கா, சின்ன சத்தத்துக்கும் முழிப்பு வந்துடுது" என்ற பேச்சு அப்போது அடிக்கடி வருகிறது. இந்த மாதம் அதைப் பற்றிப் படிப்போம்.

நாம் தூங்கினாலும் காது தூங்குவதில்லை. அமைதியான ராத்திரியில் திடீரென நாய் குரைத்தால் மூளை என்னமோ ஏதோ என்று எழுப்பிவிடும். ஃபேன் ஒரே சீராக ஓடினால் அமைதிக்கும் குரைப்புக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. குரைப்பு அதில் அமுங்கிப்போகிறது. மழை ராத்திரியில் சுகமாகத் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் 'ஸ்ஸ்' சத்தத்தை வெள்ளை இரைச்சல் என்கிறார்கள். மழை போல மென்மையானது இளஞ்சிவப்பு இரைச்சல். தூரத்து அருவி போலக் கனமானது பழுப்பு இரைச்சல். பெயர் எதுவாக இருந்தால் என்ன, காதுக்கு இதமாக இருந்தால் போதும். டிவியைப் போட்டுவிட்டுத் தூங்குவது மட்டும் இதில் சேராது. பேச்சும் விளம்பரமும் ஏறி இறங்குவதால் மூளை அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும்.

1990-ல் லண்டனில் பச்சைக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வெள்ளை இரைச்சல் கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் 5 நிமிடத்துக்குள் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான் தூங்கினார்கள். அதற்காகச் செல்போனில் சத்தம் வைத்துத் தொட்டிலுக்குள் போட்டுவிடாதீர்கள்! குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கும் 14 கருவிகளைக் கனடாவில் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். முழுச் சத்தத்தில், பக்கத்தில் வைத்தால், சில கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. அது பிஞ்சுக் காதுக்கு ஆபத்து. குழந்தையிடமிருந்து ஏழு அடியாவது தள்ளி, மெதுவாக வைத்து, தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நம்ம தாலாட்டில் இந்தத் தொல்லை இல்லை. பாடுகிறவள் களைத்தால் தானே நின்றுவிடும்.

ஸ்பீக்கர் சத்தத்தை எந்த ஃபேனும் அமுக்காது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு 12 மணி வரை அனுமதி தரலாம். பிள்ளை பெற்றவள் பக்கத்து வீட்டில் படுத்திருக்கிறாள் என்று போய்ச் சொல்ல ஒருத்தி தயங்குவாள். பத்துப் பேர் சேர்ந்து போனால் விழாக் கமிட்டியில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வாரத்தில் 3 ராத்திரி வீதம் 3 மாதமாகத் தூக்கம் இல்லையென்றால், கடன் கவலையோ உடல் உபாதையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் சொல்லுங்கள். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.